சட்டைப்பையில் சொன்ன பல்லி

மேலூர் பக்கம்,
வியாழக்கிழமை

வில்லாபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை சோணைமுத்து அவர்களுக்கு, அக்காள் புருஷன் வீரணன் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும், உங்கள் அக்காள் ஒச்சம்மாளும், மகள் தமிழ்வாணியும், கறவை மாடும், கன்றும், புதுப் போனும் நன்றாக இருக்கிறோம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் கடையும் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று மலைக்க வேண்டாம். நான்தான். ஊரில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்துகள் பெரிது பெரிதாக இருப்பதற்குக் காரணம், சின்னதாக எழுதுவதற்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

நீங்கள் என்மேல் கோபமாக இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் வந்தது போனால் என்பதால், முதலில் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்வாணி தல்லாகுளத்து ஆபீசில் வாங்கும் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்தது. மாப்பிள்ளை, எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சாமானைப் பார்த்ததில்லை. இதில் ஒரு சேதி வந்தால் போனின் ஓரத்தைச் சுற்றி ஒரு வெளிச்சம் ஓடுகிறது. தேர் ஒரு முனையில் கிளம்பி நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிற மாதிரி, நிதானமாக ஓடி, கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிறது. அதுகூடப் பெரிதில்லை. யார் சேதி அனுப்பினால் எந்த நிறம் ஓட வேண்டும், என்ன சத்தம் கேட்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அனுப்பியவர் தூங்கிவிடுவார். நிறம் என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதை யோசித்துச் செய்தவன் வீட்டிலும் என்னைப் போல மெதுவாகப் படிக்கிற ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த மனிதன் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் சாமியிடம் சொல்கிறேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆயிஷா சித்திகா என்ற பெண் போன் கடை வைத்திருக்கிறது. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. தமிழ்வாணிக்குப் பச்சை, பால் சொசைட்டிக்கு வெள்ளை, வாய்க்கால் தண்ணீர் முறை சொல்லும் குரூப்புக்கு நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்தது. உங்கள் அக்காளின் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டால் சிவப்பு என்று வைத்தேன். வீட்டுக்கு வந்து காட்டியதும், "ஏன், நான் என்ன எந்நேரமும் கண்ணு செவந்துக்கிட்டா நிக்கிறேன்?" என்று கேட்டாள். மறுநாளே பஸ் ஏறிப் போய் மஞ்சளாக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஐயா, இத நீங்களே வீட்டுல மாத்திக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தது வம்பாகிவிட்டது. அன்று ராத்திரி நானே எதையோ தொட்டு, போனுக்குப் பின்னால் இருக்கும் டார்ச் விளக்கும் சேதிக்குச் சேதி வெட்டி வெட்டி மின்னும்படி செய்துவிட்டேன். விடிகாலையில் மாட்டடியில் போனைச் சாத்தி வைத்துவிட்டுப் பால் கறந்துகொண்டிருக்கிறேன், வாய்க்கால் குரூப்பில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் வரிசையாக ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மழைக்காலத்து மின்னல் தோற்றது. மாடு மிரண்டு வாளியை உதைத்துவிட்டது. பால் முழுவதும் போச்சு. ஆனாலும் மாப்பிள்ளை, மாடு உதைக்கிற அளவுக்கு இந்தச் சின்ன டப்பாவுக்குள்ளிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள்! நான் வாளியைக்கூட நிமிர்த்தாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த டார்ச்சை நிறுத்திவிட்டு, குரூப்பையும் ஊமையாக்கி, மடை திறக்கிறவர் போடும் சேதிக்கு மட்டும் நீலம் என்று ஆயிஷா மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பின் ஒரு முறைகூடத் தண்ணீரை நான் தவறவிடவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு என்ன நிறம் என்று வெகுநேரம் யோசித்தேன். பெயிண்ட் கடைக்காரருக்கு ஏனோதானோ என்று ஒரு நிறத்தை வைக்க முடியுமா? கடைசியில் கத்திரிப்பூ நிறம் எடுத்தேன். என் போனில் வேறு யாருக்கும் அது கிடையாது. நிறத்தோடு விட மனம் வரவில்லை, தனிச் சத்தமும் வைக்கச் சொன்னேன். ஆயிஷா ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டியது. குயில், தவளை, மழை, மணி எல்லாம் இருந்தது. பல்லிச் சத்தமும் இருந்தது. அப்படியே நம் வீட்டு மோட்டுவளையில் இருக்கிற பல்லி மாதிரியே!

"இதை வையி தாயி" என்றேன்.

"பல்லியா? எல்லாரும் நல்ல பாட்டா வைப்பாங்கய்யா."

"எங்க மாப்ள ஒரு சொல்லு சொன்னா எங்க வீட்டுல பல்லி சொன்ன மாதிரி தாயி. அதுக்கு மேல பேச்சு கெடையாது."

மரியாதைக்காகத்தான் வைத்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு தமிழ்வாணிக்குச் சம்பந்தம் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் விக்ரம் என்ற பையன், நம் முறையில்தான் வருகிறான். அவன் அப்பா அழகுபாண்டி நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை நம் சங்கிலிக் கருப்பு கோயிலில் இரண்டு வீட்டாரும் கூடி உத்தரவு கேட்பதென்று முடிவானது. அப்படி முடிவான அன்றைக்குத்தான் எனக்குப் போனில் சேதி எழுதவும் வந்தது. வாழ்நாளில் நானே எழுதும் முதல் சேதி, அதை யாருக்கு அனுப்புவது என்று யோசித்தேன். மகளுக்கா? அவள் வீட்டிலேயே இருக்கிறாள். பால் சொசைட்டிக்கா? அவர்கள் மதிக்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கும்போது வேறு யாருக்கு அனுப்ப? "தமிழ்வாணிக்கு சம்பந்தம். வெள்ளி உத்தரவு. வரவும். வீரணன்." காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தவன் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்தேன். புள்ளி வைத்த எழுத்துக்கு எங்கே அமுக்குவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அனுப்பியதும் பக்கத்தில் இரண்டு கோடு விழுந்தது. பிறகு அந்த இரண்டு கோடும் நீலமானது. நீங்கள் சந்தோஷப்பட்டதால்தான் நிறம் மாறியது என்று நினைத்து உங்கள் அக்காளிடமும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை. வழியில் பஸ் தாமதமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நம் கோயில் வழக்கம் உங்களுக்கே தெரியும். பூசாரி கற்பூரம் ஏற்றிவைத்தால் அது அணைவதற்குள் பல்லி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சம்பந்தத்தை அடுத்த தை வரைக்கும் வாயில் எடுக்கக்கூடாது. கற்பூரம் எரிகிறது. எல்லாரும் கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோயிலுக்கு வெள்ளை அடித்து நாலு நாள்தான் ஆகிறது, ஒரு பல்லியைக்கூடக் காணோம். கற்பூரம் சிறுத்துக்கொண்டே வருகிறது. தமிழ்வாணி முகத்தைப் பார்த்தேன். பயல்மேல் பிள்ளைக்கு இவ்வளவு பிரியம் இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. உதடு வெளுத்துப் போய் நிற்கிறாள். அப்போது கேட்டது. "ட்ச்சு ட்ச்சு ட்ச்சு." சற்று விட்டு மறுபடியும். அப்புறம் மூன்றாம் முறையும்.

"மூணு தடவ சொல்லிருச்சுய்யா! அதும் சாமிக்கு வலப்பக்கம்!" என்று பூசாரி கத்தினார். அழகுபாண்டி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். உங்கள் அக்காள் போட்ட குலவையில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அங்கேயே வெற்றிலை மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

சாமிக்கு வலப்பக்கம் நின்றது நான். சட்டைப்பையில் இருந்தது போன். நீங்கள் எப்போதும் ஒரு சேதியை மூன்று துண்டாக்கித்தான் அனுப்புவீர்கள் என்று, எனக்குப் படித்துக் காட்டும் தமிழ்வாணி சொல்லுவாள். தோளில் கிடந்த துண்டை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "தாய்மாமனுக்கு மெசேஜா?" என்பது முதல் துண்டு. "எனக்குச் சம்மதம் இல்லை" என்பது இரண்டாவது. "நிறுத்துங்க" என்பது மூன்றாவது. முதல் முதலாக எனக்கென்று வந்து, நானே படித்த சேதி இதுதான். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று அன்றைக்கு ஒருநாள்தான் தோன்றியது.

நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வந்து, "வாங்க மாப்ள, முன்ன நின்னு நடத்துங்க" என்று அழைக்க வேண்டியவரைப் போனில் "வரவும்" என்று அழைத்தது தப்பு. எழுத வந்துவிட்ட சந்தோஷத்தில், நேரில் நடந்துபோய் அழைப்பதற்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஆனால் இப்போது எனக்கு அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. சாமி சொல்லாததைச் சாமி சொன்னதாக நினைத்து இரண்டு குடும்பம் கல்யாண வேலை பார்க்கிறது. உண்மையைச் சொன்னால் பிள்ளை உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் கருப்பு என்னைச் சும்மா விடுமா? இதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்து "சம்மதம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், உங்கள் பெயரில் கத்திய பல்லி சொன்னது மெய்யாகிவிடும். சாமியும் பொய் சொன்னதாக ஆகாது, நானும் பொய் சொன்னதாக ஆகாது. தாய்மாமனாக நீங்கள் வந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் கருப்புக்கு நானே ஒரு கிடா வெட்டி, நடந்ததை அதனிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த விஷயம் நமக்குள் இருக்கட்டும். உங்கள் அக்காளுக்குத் தெரியவே கூடாது.

உங்கள் கடையில் டப்பா டப்பாவாக நிறம் போகட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், தங்கச்சியின் முழங்கால் வலி குறையட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்காள் புருஷன்
வீரணன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அக்காள் வந்து முன்னால் நின்றாள். எனக்கு இன்னும் வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொல்லித்தான் எழுதுவேன். அது கடிதம் முடிந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் வரியிலிருந்து அடுப்படியில் அவளும், நடையில் தமிழ்வாணியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் எழுந்து நின்று, "ஒச்சம்மா, நான் வேணும்னு செய்யல" என்றேன்.

"என்னத்த செய்யல? வெள்ளச் சட்டைக்குள்ள கத்திரிப்பூ வெளிச்சம் மூணு சுத்து சுத்துனத நான் பாக்கலன்னு நெனச்சீகளா? கற்பூரம் அணையப் போகுதேன்னு தவிச்சுக்கிட்டு நின்னவ நானு. மத்தவுக கண்ணு உங்க பையிக்குப் போயிறக் கூடாதுன்னுதான் அம்புட்டுச் சத்தமா கொலவ போட்டேன்."

"அப்ப சாமி குத்தம்?"

"என்ன குத்தம்? வேணாம்னு சொல்ல வந்தவனோட சேதிய வச்சே வேணும்னு சொல்லிருக்கு கருப்பு. அதுக்குப் பல்லி கெடைக்கல, எந்தம்பி கெடைச்சான்."

இதைக் கேட்டு நடையில் நின்ற தமிழ்வாணி அழுதுகொண்டே சிரித்தாள். சந்தோஷமாகக் கடிதத்தில் தபால்தலை ஒட்டப்போனேன். உங்கள் அக்காள் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"தாய்மாமனுக்கு மெசேஜ் போட்டது தப்புன்னு மன்னிப்புக் கேக்குறீக. அதையும் காயிதத்துல எழுதிக் கேக்குறீக. இதுக்கு அந்த மெசேஜே தேவலையே! எந்திரிங்க. வெத்தல பாக்கு வாங்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸுல போவோம்."

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வராது. என்னோடு பஸ்ஸில் வருகிறது. உங்கள் வாசலில் நின்று நானே உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்க மனமில்லை. ஆனால் வெற்றிலையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. கடிதம் நீளமாக இருக்கிறது. நான் படித்து முடிக்கும் வரை உங்கள் அக்காள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க முடியாது.