ஆறாம் நம்பரைக் கண்டெடுத்தவர்

உலகத்தில் பேர் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களை அரை டிராயர் வயதிலேயே கண்டெடுத்தவர்களுக்கோ கணக்கில்லை. அந்த இனத்தைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். தேடி அலைய வேண்டாம். நமக்குத் தெரிந்த யாராவது ஒருவர் முகம் தொலைக்காட்சியில் வரட்டும். ஐந்தே நிமிஷத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமுவார். "இவனா? இவன் இத்தனூண்டு இருக்கறப்பவே நான் சொன்னேனே..." அவர்தான்.

எங்கள் துவாலா நகரத்தில், தெய்தோப் பேட்டையில், ஜில்தாஸ் பாயிஹா என்ற ஒரே ஒரு கால்பந்து வீரனுக்கு இப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். ஒரு முழு அணி. நாலாம் வகுப்பில் அவன் பெஞ்சைத் தாண்டிக் குதித்ததைப் பார்த்தே எதிர்காலத்தைக் கணித்துவிட்ட வாத்தியார் உண்டு. காலை வேளையில் பொரித்த மாவுருண்டையும் பீன்ஸும் விற்கும் அம்மாள் உண்டு, "என் பீன்ஸு இல்லேன்னா அந்தக் காலுக்கு ஏதுய்யா பலம்?" என்பது அவள் கட்சி. பிரசவம் பார்த்த நர்ஸ்கூட, வரும்போதே அவன் உதைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறாள். இந்த அணிக்குக் கேப்டன், ஓய்வுபெற்ற துறைமுகக் குமாஸ்தா திருவாளர் ஹோனொரே எக்வாலா.

எக்வாலாவின் உரிமை மற்றவர்களுடையதைப் போல வாய்ப் பந்தல் அல்ல. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில் பேட்டைக்குப் பேட்டை நடக்கும் போட்டிகளில், எங்கள் தெரு அணிக்கு அவர்தான் கோச். கழுத்தில் விசில் தொங்கும். அந்த விசில் இன்றும் தொங்குகிறது. கோயிலுக்குப் போகும்போது மட்டும் சட்டைக்குள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊரில் முப்பத்தைந்து தாண்டிய ஆண்கள் எல்லோரும் கால்பந்து ஆடுவார்கள். ஆடுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொப்பைகள் முன்னே ஓட, ஆட்கள் பின்னே வருவார்கள். எக்வாலாவுக்கு வயது அறுபத்து மூன்று; மூத்தவர் என்ற முறையில் கடைசிப் பத்து நிமிஷம் அவரை இறக்கிவிடுவார்கள், அவரும் ஆஃப்சைடில் போய் நின்றுகொண்டு பந்து தரவில்லை என்று எல்லோரையும் திட்டுவார். உண்மையான ஆட்டம் அதற்குப் பிறகுதான். அதற்கு 'மூன்றாம் பாதி' என்று பேர். சுட்ட மீன், இலையில் சுற்றி அவித்த மரவள்ளி மாவுக் குச்சி, குளிர்ந்த பீர், நாக்கு. யார் நாற்காலி மீன் தட்டுக்குப் பக்கத்தில் என்பதை வைத்து ஒருவரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம்.

ஜில்தாஸ் பதினெட்டு வயதில் பிரான்ஸில் ஒரு சின்ன கிளப்புக்குப் போனபோது எக்வாலாவின் நாற்காலி இரண்டடி முன்னேறியது. பெல்ஜியத்துக்குப் போனபோது மீனின் தலை அவருக்கு வந்தது. தேசிய அணியில் ஆறாம் நம்பர் சட்டையைப் போட்டான் பாருங்கள், அன்றிலிருந்து எங்கள் ஞாயிறு கிளப் தலைவருக்கு அடுத்த நாற்காலி இவருடையது. இத்தனைக்கும் ஜில்தாஸ் கோல் போடுகிற ஜாதி இல்லை. நடுக்களத்தில் நின்று எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல நிற்கிற வேலை. கேமரா அவனை எப்போது காட்டும் என்றால், மஞ்சள் அட்டை வாங்கும்போதுதான். காட்டியதும் எக்வாலா எழுந்து நிற்பார். "பாத்தீங்களா, எப்படி இழுத்தான் சட்டையை! நான் சொல்லிக் குடுத்தது!"

துருக்கியில் ஒரு வருஷம் முழுக்க ஜில்தாஸைப் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். அது எக்வாலாவுக்கும் போதாத காலம். மீன் வாலோடு திருப்திப்பட்டுக்கொண்டார். பிறகு ஒரு பெரிய போட்டியின் அரையிறுதியில் அவன் பெனால்டியை வானத்துக்கு அனுப்பிவைத்தான். பேட்டை முழுக்க இழவு வீடாகக் கிடந்தது. பத்துக் கண்டெடுத்தவர்கள் இரண்டு வாரம் வெளியில் தலைகாட்டவில்லை. எக்வாலா மட்டும் மறுநாளே வந்தார்.

"கோச், உங்க பையன் இப்படிப் பண்ணிட்டானே?" என்று கேட்டான் ஒரு குறும்புக்காரன்.

"பெனால்டி நான் சொல்லித் தரல. அதை வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கிட்டான்" என்றார் எக்வாலா.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். எக்வாலா பதினேழு வருஷமாக ஞாயிறு தவறாமல் சொல்லிச் சொல்லி, உண்மை எந்த மூலையில் கிடக்கிறது என்பதையே மறந்துவிட்டவர்.

இந்த நிலையில்தான் ஜில்தாஸ் முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்று ஊர் திரும்பினான். தெய்தோ மைதானத்தில் பிரிவுபசார ஆட்டம் என்று அறிவித்தார்கள். எங்கள் வழக்கப்படி அப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் உதையை, அந்த வீரனைக் கண்டெடுத்தவர்தான் உதைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். ஒரே ஒரு உதை. காலோ இருபத்திரண்டு தயார்.

இரண்டு ஞாயிறு மூன்றாம் பாதி முழுக்க இதே விவாதம். மீன் ஆறியது. பீன்ஸ் அம்மாளுக்கு ஆதரவு பெருகிக்கொண்டே போனது, ஏனென்றால் ஆட்டத்தை நடத்தும் கமிட்டியில் பாதிப் பேர் அவளிடம் கடன் சொல்லித் தின்பவர்கள். எக்வாலா கணக்குப் போட்டுப் பார்த்தார். பீன்ஸ்காரியிடம் தோற்றுவிட்டு மறு ஞாயிறு எந்த நாற்காலியில் போய் உட்காருவது? பதினேழு வருஷம் கோச் என்று கூப்பிட்டவர்கள் பிறகு என்னவென்று கூப்பிடுவார்கள்?

ஆதாரம் வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். மனைவி ஒதீலின் டிரங்குப் பெட்டி அடியில், கல்யாணத் துணிக்குக் கீழே, அந்தப் பழைய போட்டோ அகப்பட்டது. தெரு அணி. நடுவில் விசிலோடு எக்வாலா. பக்கத்தில் மொட்டைத் தலைப் பையன் ஒருவன், முழங்கால்வரை தொங்கும் ஆறாம் நம்பர் சட்டையில். எக்வாலாவின் கை அவன் தலைமேல்.

"ஜில்தாஸ்! பாரு, ஜில்தாஸ்!" என்று கூவினார்.

ஒதீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "மார்த் அப்பா, காது வேற மாதிரி இருக்கே?" என்றாள், வழக்கம்போல மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு.

"பேரும் புகழும் வந்தா காது மாறாதா? நீ போய் வேலையைப் பாரு."

எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, முகத்தைத் துணியில் அச்சடித்துப் போட்டுக்கொண்டால்தான் அது நடந்ததாக அர்த்தம். எக்வாலா அந்தப் போட்டோவை பனியனில் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தார்: அவரும், மொட்டைத் தலையும், அடியில் 'கண்டெடுத்த கையும் கண்டெடுத்த தலையும்' என்ற வாசகமும். அச்சகத்திலிருந்து மூட்டையைத் தன் வாடகை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவன் போனிஃபாஸ். எங்கள் கிளப்பின் கோல்கீப்பர். இடது முழங்கால் சரியாக மடங்காது என்பதால் கோலில் நிற்பவன், அதிகம் பேசாதவன்.

மூட்டையை இறக்கிவிட்டு அவன் போகவில்லை. ஒரு பனியனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கோச், இந்தப் பையன் வந்து..."

"ஜில்தாஸேதான்! அடையாளம் தெரியுதா?"

"இல்ல கோச், இது..."

"மொட்டை அடிச்சிருக்கான், அதான் உனக்குத் தெரியல. ஒண்ணு எடுத்துக்கோ. சும்மா எடுத்துக்கோ, நம்ம கிளப் ஆள்தானே!"

போனிஃபாஸ் எடுத்துக்கொண்டான். இந்த இனத்தாரிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

கமிட்டி பனியனைப் பார்த்தது. அச்சில் வந்துவிட்டதற்கு அப்பீல் ஏது? முதல் உதை எக்வாலாவுக்கே என்று தீர்ப்பானது. பீன்ஸ் அம்மாள் அன்று முதல் கமிட்டிக்காரர்களிடம் ரொக்கம் கேட்க ஆரம்பித்தாள்.

ஆட்டத்தன்று மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. மூன்று ஸ்பீக்கர், டமடம என்று பாட்டு, வெயிலுக்குக் குடை பிடித்த பெண்கள். எங்கு பார்த்தாலும் பனியனில் எக்வாலா. நிஜ எக்வாலா இஸ்திரி போட்ட வெள்ளை டிராயரில், புது பூட்ஸில், மைதானத்தின் நடுவில் பந்துக்குப் பக்கத்தில் நின்றார். ஜில்தாஸ் வந்தான். காலையிலிருந்து பத்துப் பேர் அவனைக் கட்டிக்கொண்டு கண்டெடுத்த கதையைச் சொல்ல, பத்துப் பேருக்கும் "ஆமா ஐயா, ஆமா அம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான். பெரியவர்களை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

மைக் பிடித்தவன்தான் சனியன். கூட்டத்தைக் குஷிப்படுத்துகிறேன் என்று ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தான். "ஜில்தாஸ்! இந்த மொட்டைப் பயல் யாருன்னு உன் வாயால சொல்லு!"

ஜில்தாஸ் பார்த்தான். "ஆமா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போது அவன் கண், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டு நின்ற ஆள்மேல் விழுந்தது. அந்த ஆள் மார்பில், பனியனில், அதே முகம்.

"இது நான் இல்ல" என்றான் ஜில்தாஸ். ஸ்பீக்கர் மூன்றும் அதைத் தெய்தோ முழுக்கச் சொல்லின. "இது போனிஃபாஸ். அப்போ நம்ம தெருவுக்கு ஆறாம் நம்பர் இவன்தான். என்னை கோச் டீம்லயே சேத்துக்கல. 'உனக்கு மூச்சு பத்தாது, போய்ப் படி'ன்னு அனுப்பிட்டாரு. அந்தக் கோவத்துலதான் பக்கத்துப் பேட்டைக்குப் போய் ஆடினேன். நான் ஆடினதெல்லாம் இவன் ஆடறதைப் பாத்துத்தான். பாக்காமலே பாஸ் குடுப்பான் இவன்!"

 கூட்டம் சிரித்தது பாருங்கள்! பீன்ஸ் அம்மாள் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்காதவள் ஒருத்திதான். போனிஃபாஸின் மனைவி எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவளின் பனியனைப் பிடித்து இழுத்து, "இது என் புருஷனா? இது என் புருஷனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எக்வாலாவுக்குக் காது சுட்டது. எங்காவது ஓடிவிடலாம் என்று பார்த்தால் நாலு பக்கமும் அவர் முகமே நிற்கிறது. கடைசியில் போனிஃபாஸைப் பார்த்தார். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் கோலில் நிற்கிறவனை, முதல் தடவையாகப் பார்த்தார். மொட்டைத் தலை; வெறுங்கால்; பந்து வருமுன்னே அது போகவேண்டிய இடம் தெரிந்த பையன். மூன்று விடுமுறை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து அவன் முழங்கால் போனது. ஆஸ்பத்திரிக்கு மீன் சூப்பு எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை போகவில்லை. புது ஆறாம் நம்பர் தேட வேண்டியிருந்தது. அதெல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வர, மனிதர் நிஜமாகவே வெட்கப்பட்டுப்போனார்.

விறுவிறுவென்று கோல் கம்பத்துக்கு நடந்தார். போனிஃபாஸின் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவந்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இவன் பேரு போனிஃபாஸ். இவனைக் கண்டெடுத்தது நான்தான்!"

மைதானம் அலறிச் சிரித்தது. ஆனால் பதினேழு வருஷத்தில் அவர் சொன்னதிலேயே இது ஒன்றுதான் நிஜம்.

"கோச், நீங்க உதைங்க" என்றான் போனிஃபாஸ்.

"நீ உதைடா."

"முட்டி மடங்காது கோச்."

"உன் முட்டியை யாருடா கேட்டா? பந்தை அனுப்பு."

போனிஃபாஸ் ஜில்தாஸ் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே வலது காலால் தட்டினான். பந்து இருபது மீட்டர் தரையோடு தரையாக ஓடி, ஜில்தாஸின் காலடியில் போய் நின்றது.

"பாத்தீங்களா? பாக்காம குடுத்த பாஸு! யார் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினார் எக்வாலா. அவரைத் திருத்த முடியாது.

மறு ஞாயிறு மூன்றாம் பாதியில் போனிஃபாஸ் மீன் தட்டுக்கு எதிரே உட்கார்த்தி வைக்கப்பட்டான். முதல் மீன் வெந்து முடிவதற்குள், அவனைச் சின்ன வயதிலேயே கண்டெடுத்தவர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பீன்ஸ் அம்மாள் அதில் முதல் ஆள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் சொந்தக்காரப் பெண் டாக்டரானபோது, "பத்தாவதுலயே பயாலஜி எடுன்னு நான்தானே சொன்னேன்" என்று கல்யாணப் பந்தியில் நாலு இலைக்குக் கேட்கும்படி ஒருவர் சொன்னார். அது நீங்களாக இருக்காது; இருக்கவே இருக்காது. சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கேட்கிறேன்: அதே வருஷம், அதே யோசனையைக் கேட்டு, பயாலஜி எடுத்து, டாக்டராகாமல் போனானே இன்னொரு பையன், அவன் பேர் என்ன?