பால்கனி வைத்த ஆட்டுக் கொட்டகை

வீடு கட்டியவன் அதை அரசாங்கத்தின் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்கள் எவியா தீவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பராஸ்கெவாஸ் இந்தப் புனிதக் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை. வீட்டுக்கு அனுமதி கிடைக்காது என்றதும் ஆட்டுக் கொட்டகைக்கு அனுமதி வாங்கி, இரண்டு மாடி எழுப்பினார். கட்டி முடியாத கட்டடத்துக்கு வரி கிடையாது என்பதால், வரிக்காரர்கள் வந்தால் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் காட்டி, "வேலை இன்னும் முடியலையே" என்பார். காப்பிக் கடையில் சொத்துச் சட்டம் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. அந்த ஞானம் முழுவதும் எதை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றியது.

இந்த நிலையில் அரசாங்கம் நாட்டையே அளக்கத் தொடங்கியது. உரிமை கோரிப் பதியாத சொத்தெல்லாம் அரசுக்கே என்று அறிவிப்பு வந்தது. மகள் எவந்தியாவுக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டை அவள் பேருக்கு எழுதித் தருவதாகச் சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. பராஸ்கெவாஸ் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லும் நோக்கத்துடன் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

"அது வீடும்மா. ரெண்டு மாடி, பால்கனி எல்லாம் இருக்கு."

அதிகாரி தியோப்பிஸ்தி கோப்பைப் புரட்டினாள். "ஆட்டுக் கொட்டகைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"அது சும்மா போட்டதும்மா."

"கரண்ட் கேட்டப்பவும் சும்மாவா? புயல் நிவாரணம் கேட்டப்போ, ஆடுங்க பயந்துபோய் சாப்பிடலைன்னு வேற எழுதியிருக்கீங்க."

"ஆடே கிடையாதும்மா. நாங்கதான் குடியிருக்கோம்."

"கொட்டகையில மனுஷங்க குடியிருக்கறது குத்தம், ஐயா. இடிக்கச் சொல்லிருவாங்க. அப்படியே எழுதிக்கவா?"

"வேண்டாம்மா, வேண்டாம். ஆடுங்கதான் இருக்கு."

"எத்தனை?"

பராஸ்கெவாஸ் தன்னையும் மனைவியையும் மகளையும் நினைத்துப் பார்த்தார். "மூணு" என்றார்.

சட்டப்படி பத்திரம் வந்தது: பால்கனியுடன் கூடிய ஆட்டுக் கொட்டகை ஒன்று. அதைச் சம்பந்தி ஸ்பிரிதோனிடம் நீட்டும்போது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சம்பந்தி நிதானமாகப் படித்தார். "இதுக்கு ஏன் தலை குனியறீங்க? மாப்பிள்ளை பேருக்கு நாங்க எழுதி வச்சிருக்கறது கோழிக்கூண்டு. மூணு மாடி."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகு ஊர் முழுவதும் கூடி, எங்களுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று மனுக் கொடுத்தது. அரசாங்கம் புதிய வரைபடத்தைத் தீர ஆராய்ந்து உடனே ஆவன செய்தது. வந்து சேர்ந்தவர் கால்நடை மருத்துவர். நல்ல கைராசிக்காரர் என்றுதான் ஊரில் பேச்சு.