திருட்டுப்படத் தடுப்புச் சங்கத்தார் என் வீட்டுக்குள் வந்ததும் போனதும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் உன் மனைவியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நேற்று காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குள் நான்கு முறை போன் செய்தும் உங்கள் இருவரில் ஒருவர் குரலும் கேட்கவில்லை. வக்கீலைக் கூடப்பிறந்தவனாக வைத்துக்கொண்டு, ஆபத்து நேரத்தில் "பிறகு முயற்சிக்கவும்" என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் புத்தி கேட்க வேண்டியிருக்கிறது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மணி அடித்தது, திறந்தால் இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை, மற்றவர் தோளில் காலிப் பை. திருட்டுப்படத் தடுப்புச் சங்கமாம். என் வீட்டு இணைய இணைப்பு வழியாக யாரோ புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறார்களாம், கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டுமாம். மழை வருமா என்று பார்க்கவும் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்கவும் தவிர அந்த இணைப்பை நான் வேறெதற்கும் தொட்டதில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. வாசலில் நிற்க வைத்து யாரிடமும் பேசக் கூடாது என்று கான்வென்டில் பதினோரு வருஷம் என் மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே காலைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். அட்டைக்காரர் குடித்துவிட்டு, "வீட்டுக்காரர் தாமாக உள்ளே அழைத்தார்" என்று ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார். தலைகீழாகப் படித்தேன். தலைகீழாகப் படிப்பதும் அங்கே கற்றதுதான்.

கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவர் கண் அலமாரிக்குப் போனது. அங்கே உன் அத்தானின் பெட்டி. என் கண்களுக்கு அறுவைச் சிகிச்சை ஆகி மூன்று மாதம் படிக்கவே கூடாதென்றார்கள் அல்லவா, அப்போது துப்பறியும் நாவல்களாகப் பார்த்து அவர் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து வைத்த முப்பத்தொரு சிடி. நடுநடுவே இருமுவார். மூன்றாம் அத்தியாயத்திலேயே "இவன்தான் கொலைகாரன், வேணும்னா பாரு" என்று கதையைக் கெடுப்பார், பாதிக்குப் பாதி அது தப்பாகவும் இருக்கும். அவர் போனபிறகு இந்த ஐந்து வருஷமாக மத்தியானம் மூன்று மணிக்கு இந்த வீட்டில் பேசுகிற ஒரே மனிதர் அவர்தான்.

நான் செய்த தப்பு, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தது. ஒவ்வொரு சிடி மேலும் நூலின் பெயர், ஆசிரியர், படித்தவர், பதிவு செய்த தேதி, "இரண்டாம் பிரதி உள்ளறை அலமாரியில்" என்பது வரை அச்சு மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறேன். அட்டைக்காரருக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. புத்தகத்தை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வதும் நகலெடுப்பதுதானாம், அதிலும் நான் இரண்டு செட் வைத்திருக்கிறேனாம். படச் சங்கத்துக்குப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்டால், புத்தகத்துக்கு அவர்களுடைய சகோதரச் சங்கம் ஒன்று இருக்கிறதாம். எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துவிட்டுத் தருவார்களாம். பைக்காரர் பையின் வாயைத் திறந்தார். இந்த இடத்தில்தான் உனக்கு மூன்றாவது போன்.

"நீங்க போலீஸா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், அதிகாரம் பெற்ற பிரதிநிதி."

"அதிகாரம் யார் குடுத்தது?"

"சங்கம்."

"சங்கத்துக்கு?"

"உறுப்பினர்கள்தான் மேடம்."

"அப்ப எதிர்வீட்டு டீச்சரும் நானும் ஒரு சங்கம் வச்சுக்கிட்டு, நாளைக்கு வந்து உங்க வீட்டு பீரோவைத் திறக்கலாமா?"

மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று அவர் போனை எடுத்தார். கூடத்தில் உட்கார்ந்து போனில் கத்துவது இந்த வீட்டில் வழக்கமில்லை, வெளியே மாடிப்படிப் பக்கம் போய்ப் பேசுங்கள் என்றேன். போனார். மேலிடம் என்ன சொல்கிறது என்று கேட்கப் பைக்காரரும் பின்னாலேயே போனார். தாழ்ப்பாளைப் போட்டேன். தந்திரம் என்று நினைக்காதே, மரியாதையாகத்தான் சொன்னேன். போட்ட பிறகுதான் நீ கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியை நிறுத்திவைத்துப் பேசுகிற சட்டமெல்லாம் ஞாபகம் வந்தது: கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள் யாரும் கால் வைக்க முடியாது, எந்தக் காகிதத்தையும் கையால் வாங்காதே. உத்தரவு கேட்டேன், இல்லை என்றார்கள். கதவடியில் ஒரு நோட்டீஸைத் தள்ளினார்கள். கை படாமல் அடிக்கோலால் வெளியே தள்ளினேன். திரும்ப உள்ளே வந்தது. இப்படி ஐந்து முறை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் அது பாதி உள்ளே பாதி வெளியே கிடக்க, அவர்கள் இறங்கிப் போனார்கள்.

நீ உடனே உன் அலுவலகத் தாளில் அந்தச் சங்கத்துக்கு எழுத வேண்டும். நம் வீட்டில் பிறந்த எவரும் பிறர் பொருளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பதை அடிக்கோடிட்டு எழுது. மன்னிப்புக் கடிதம் என் கைக்கு வர வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. நீ தீர்க்காயுசாக இரு, போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது அந்த நோட்டீஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, படிக்க வேண்டியதாயிற்று. இணைய இணைப்பு உன் பெயரில் இருக்கிறது, வக்கீல் பட்டத்தோடு. படம் இறக்கிய தேதிகள், உன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நீ இங்கே வந்து தங்கிய நான்கு நாட்கள். கேஸ் கட்டு படிக்கிறேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். படம் ஒன்றல்ல, ஏழு. பெயர்களை என் கையால் எழுத மாட்டேன். நோட்டீஸில் இருந்த நம்பரில் அட்டைக்காரருக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். பெட்டியை ஒருக்காலும் தொட மாட்டோம் என்று கதவிடுக்கு வழியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நான் உன் விலாசத்தைக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே வருகிறார்கள். கோபித்துக்கொள்ளாதே. உனக்குச் சட்டம் தெரியும், எப்படியும் தப்பித்துக்கொள்வாய். உன் அத்தானுக்குக் குரல் மட்டும்தான் மிச்சம்.