சுயம்பு பல் நாற்காலி ஏறிய படலம்

வாழி சுயம்பு! தாராவித் தோல் கம்பெனியின் திண்தோள் வீரன், ஆண்டுதோறும் மாரியம்மன் கொடைவிழாவில் மூன்றடி நீள வேலை வலக்கன்னத்தில் ஏற்றி இடக்கன்னத்தில் எடுத்து, கண்ணும் இமையாது வீதிவலம் வரும் சாமியாடி, 1964ஆம் ஆண்டு ஆடித்திங்களில் தன் கடைவாய்ப் பல் ஒன்றினால் வீழ்ந்தான். கன்னம் பணியாரமாய் உப்பிற்று. கொடைக்கோ எட்டே நாள். வீங்கிய கன்னத்தில் வேல் ஏறாது. ஏறாவிடில் அப்பெருமை மைத்துனன் தங்கபாண்டிக்குப் போய்விடும்.

ஆயினும் என் சொல்வேன்! வேலுக்கு அஞ்சா வீரன் பல் பிடுங்கும் குறட்டுக்கு அஞ்சினான். மாட்டுங்கா பல் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் அவன் நடுக்கம் கண்டு போர்த்தந்திரம் ஒன்று வகுத்தார்: தினம் கொஞ்சம் பயத்துக்குக் கிட்டே போனால் பயம் தானே விலகும். அவ்வாறே முதல்நாள் வாசற்படியை மிதித்து, வாகை சூடி மீண்டான். இரண்டாம்நாள் பெஞ்சில் அமர்ந்து, உள்ளறையில் எழுந்த அலறலைப் பொறுத்தான். மூன்றாம்நாள் நாற்காலி ஏறினான். நான்காம்நாள் அக்குறடு தன்னையே கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வியர்த்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

ஐந்தாம்நாள் குறடு வாயை நோக்கி வந்தது. நான்கு நாள் பயிற்சியும் காற்றில் பறக்க, நம் நாயகன் கண்செருகி, மெய்குலுங்கி, நாற்காலி கிடுகிடுக்க முழங்கினான். அம்மன் இறங்கிவிட்டாள்! டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சாமியாடுபவன் வாயில் குறடு வைக்க எவர் துணிவார்? தப்பித்தான் என்றே நாமும் நினைத்தோம்.

ஆனால் உடன்வந்த மனைவி அன்னத்தாய் அவனோடு பதினேழாண்டு குடித்தனம் நடத்தியவள். முந்தானையை இடுப்பில் செருகி, கைகூப்பிக் குறி கேட்டாள்.

"ஆத்தா, இந்தப் பல்ல என்ன செய்யணும்? நீயே உத்தரவு குடு."

அந்தோ! அகிலம் காப்பவள் ஒரு குறட்டுக்குப் பயந்தாள் என்று தாராவி பேசலாமா? சுயம்பு திருதிருவென்று விழித்தான், பின்னர், பாவம், அம்மன் குரலில் அழுகையும் கலக்க ஆணையிட்டான்.

"புடுங்குலே."

பிடுங்கப்பட்டது பல். குருதி தோய்ந்த பகைவன் பீங்கான் தட்டில் ணங்கென்று வீழ, அன்னத்தாயின் குலவை மாட்டுங்கா வீதியெங்கும் அதிர, கொடைக்கு இன்னும் நான்கு நாள் இருக்க, வெற்றித்திருமகன் வாய்நிறையப் பஞ்சோடு வேல் ஏறும் நாளை எண்ணிப் புன்னகைத்து எழுந்தான்.

பத்து நாளைக்குக் கன்னத்தில் எதையும் குத்தக் கூடாது என்றார் டாக்டர்.