பச்சைக்குப் பிறந்த கூட்டம்

"வேற சட்டையே இல்லையா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் மேனேஜர்.

"லாரி வந்தாத்தானே பெட்டி வரும்? பெட்டி வந்தாத்தானே சட்டை வரும்? இதைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள் மனைவி. அவள் நீட்டியது பச்சைச் சட்டை.

பச்சையில் என்ன குற்றம்? மாற்றலாகி வந்திருக்கும் இந்த ஊரின் கால்பந்து அணி பச்சை. அவருடைய சொந்த ஊர் அணி சிவப்பு. பிறந்தவுடன் அவர் வீறிட்டு அழுததே அன்றைக்குச் சிவப்பு தோற்றதால்தான் என்று அவருடைய அம்மா இன்றும் சத்தியம் செய்வார். போதாக்குறைக்கு, சிவப்பு அணியின் கோல்கீப்பர் அவருடைய சொந்தத் தம்பி.

வேறு வழியில்லாமல் பச்சையிலேயே பெயிண்ட் கம்பெனிக் கிளைக்குள் நுழைந்தார். ஊழியர்கள் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். ஸ்டோர்கீப்பர் அம்மா சட்டையை உற்றுப் பார்த்ததும் மேனேஜருக்கு வியர்த்தது. முதல் நாளே எதற்கு வம்பு?

"உங்க டீம் கலர்தான்! சின்ன வயசிலிருந்தே பச்சைன்னா எனக்கு உயிர்," என்று ஒரு பொய்யை அவிழ்த்து விட்டார்.

மறுநாள் பதினோரு பேரும் பச்சையில் வந்தார்கள்.

அசந்தே போனார் மேனேஜர். "அடேயப்பா, ஊரா இது! வெட்டினா ரத்தம்கூடப் பச்சையாத்தான் வரும் போல," என்று மனைவியிடம் மூச்சுவாங்கச் சொன்னார்.

"நீங்க சிவப்புன்னு தெரிஞ்சா?"

"பெயிண்ட் கலக்கற மெஷின்ல என்னையும் போட்டுச் சுத்திடுவாங்க."

வாரக் கடைசியில் பெட்டி வந்தது. திங்கட்கிழமை துணிந்து வெள்ளைச் சட்டையில் போனார். பதினோரு முகமும் செத்துப்போயின.

"ஏன் சார் பச்சை போடல? நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?" ஸ்டோர்கீப்பர் அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது.

"சேச்சே! துவைக்கப் போட்டிருக்கும்மா."

மறுநாள் அவர் மேஜையில் ஏழு பச்சைச் சட்டைகள் இருந்தன. கிழமைக்கு ஒன்று. கலவை மெஷின் ஓட்டுகிறவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் மூவாயிரம் நிறங்களைப் பிரித்துச் சொல்வார் என்று பெயரெடுத்தவர். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஷேடு'. அந்த ஷேடு தனிப் பச்சை ஒன்றைக் கலக்கி கேட்டுக்கு அடித்தார், தள்ளுவண்டிக்கு அடித்தார், தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தார், வாட்ச்மேனின் சைக்கிளுக்கும் அடித்தார். மேனேஜர் இன்னும் ரெண்டு நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தால் அவருக்கும் ஒரு கோட்டிங் விழுந்திருக்கும்.

மேட்சுக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டார். "நான் மைதானத்துக்கெல்லாம் வர்றதில்லை. வீட்லயே, தனியா, மௌனமா டீவியில பார்ப்பேன். எனக்கு அது ஒரு தவம்."

சனிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பதினோரு பேர்.

"நாங்களும் தவம் பண்ண வந்தோம் சார்," என்றார் ஷேடு, செருப்பைக் கழற்றியபடி.

அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். சோபாவில் நாலு பேர், தரையில் ஏழு பேர். ஒருவர் கண்ணும் டீவி பக்கம் போகவில்லை. எல்லாம் மேனேஜர் முகத்தின் மேலேயே. அவர் கை தட்டினால் அரை நொடியில் இருபத்திரண்டு கைகள் தட்டின. அவர் உச்சுக்கொட்டினால் பதினோரு உச்சுகள். நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்; பதினோரு கைக்குட்டைகள் வெளியே வந்தன.

"உங்களையே முறைக்கறாங்களே!" என்றாள் மனைவி சமையலறையில்.

"ஆட்டம் அவங்களுக்கு மனப்பாடம்டி. டீவி எதுக்கு? நான் அசல் பச்சைதானான்னு சோதிக்கறாங்க. என்ன பக்தி, என்ன பக்தி!"

சீசன் முடிவில் இறுதிப் போட்டி வந்தது. இந்த ஊரிலேயே. பச்சைக்கும் சிவப்புக்கும்.

தம்பி போன் செய்தான். "அண்ணா, எனக்கு முதல் ஃபைனல். நீ கத்தினாத்தான் எனக்குக் கை வரும். தெருவில ஆடின காலத்திலிருந்தே அப்படித்தானே? வந்துடுவல்ல?"

"வர்றேன்டா. ஆனா... பச்சைச் சட்டையில வருவேன்."

"சரி, கத்துவியா?"

"பார்க்கலாம்டா."

"இதுல பார்க்க என்னண்ணா இருக்கு?" என்று வைத்துவிட்டான்.

தவத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு பேரோடும் போனார். கன்னத்தில் ஆளுக்கொரு பச்சைப் பட்டை, ஷேடின் கைவண்ணம். உள்ளே நுழைந்ததும் மேனேஜரின் வாய் திறந்தது. திறந்தது திறந்தபடியே நின்றது. நாற்பதாயிரம் பேர் பச்சை! வயல்கூட அவ்வளவு பச்சையாக இருந்ததில்லை. அவர்கள் ஒருமுறை கத்தியதில் வானத்தில் போன காக்கைக் கூட்டம் பின்பக்கமாகப் பறந்தது. கோல் கம்பத்துக்கு நடுவே, ஒற்றைச் சிவப்புப் புள்ளியாகத் தம்பி.

ஆட்டம் இழுபறி. கடைசி நிமிடத்தில் பச்சைக்குப் பெனால்டி.

தம்பி பந்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். காதைக் கொடுத்துக் காத்திருந்தான்.

சனிக்கிழமை தவறாமல் செய்த தவத்தில் மேனேஜருக்கு ஒன்று மட்டும் தலைகீழ்ப் பாடம்: அடிக்கப்போகிற ஆள் எந்தப் பக்கம் அடிப்பான் என்பது. வேலையாவது, ஊராவது! நாற்காலி மேல் ஏறினார்.

"தம்பீ! உன் வலது பக்கம்டா! வலது!"

நாற்பதாயிரம் தொண்டைகளைக் கிழித்துக்கொண்டு போனது அந்தக் குரல். தம்பி வலப்பக்கம் பறந்தான். பறந்தான் என்றால் இறக்கைதான் தெரியவில்லை. முஷ்டியில் மோதிய பந்து மேற்குப் பக்கச் சுவரைத் தாண்டிக் காணாமல் போனது.

மைதானமே ஊமையானது. ஒரே ஒரு பச்சைச் சட்டை மட்டும் நாற்காலி மேல் குதித்துக்கொண்டிருந்தது.

குதித்து முடித்த பிறகுதான் திரும்பினார். பதினோரு முகங்கள். நாற்காலியை விட்டு இறங்கினார்.

"அவன் என் கூடப்பிறந்த தம்பி. நான் பிறவியிலேயே சிவப்பு. இத்தனை நாளா உங்களை ஏமாத்திட்டேன். உங்க பக்திக்கு முன்னாடி நான் தூசி. என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க."

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் கன்னத்துப் பச்சையைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"அட, முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா சார்? புது மேனேஜருக்குப் பச்சைன்னா உயிராம்னு நாங்களும் பயந்துபோய் இந்த வேஷம் போட்டோம். எங்க பதினோரு பேர்ல ஒருத்தருக்கும் இந்த ஆட்டத்துல எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது!"