பான் வருது, பை ஆயத்தமோ?

உலகத்திலேயே யூலை மாதத்தில் பனிப்புயலுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் பொம்பியே அண்ணைதான். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷனில் வெக்கை தாங்காமல் நாங்கள் வெளிப்படிகளில் பெனியனோடு குந்தியிருப்போம். அவர் மஞ்சள் தலைக்கவசத்தோடு வந்து, "டோர்ச்சுக்குப் பற்றரி வாங்கிட்டியளோ?" என்று கேட்பார்.

பொம்பியே என்றால் பிரெஞ்சில் தீயணைப்பு வீரர். அண்ணைக்குச் சம்பளம் தந்த வேலை என்னவோ சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவது. முன்பு ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இருந்தபோது அங்கே தொண்டர் தீயணைப்புப் படையில் சேர்ந்திருந்தார். எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது தலைக்கவசமும் கூடவே வந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். "மீன் பொரிக்கேக்க புகை அலாரத்திலை கழட்டின பற்றரி எங்கை?" ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளை ஊதுமுன் இவரே கேக் மெழுகுதிரிகளை ஊதிவிட்டார். பிள்ளை வீரிட்டு அழ, "பிள்ளைக்கு மூச்சுக் காணாது" என்று சமாதானம் சொன்னார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு கார்த்திகையில் தமிழ்க்கடைக் கண்ணாடியில் அண்ணை ஓர் அறிவித்தல் ஒட்டினார். "பான் வரும். பை ஆயத்தமாக இருக்கட்டும். சனி காலை பத்து மணி, சேர்ச் நிலவறை."

நான் ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்தவன். பாண் என்றால் எங்களுக்குப் பிரெட். அதை இரண்டு சுழி ன போட்டு எழுதினால் என் கண் பொறுக்குமா? பேனாவை எடுத்து மூன்று சுழி ண ஆக்கிவிட்டு, தமிழுக்குத் தொண்டு செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை நிலவறையில் நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் பை. ஒருவர் அரிசிச் சாக்கே கொண்டுவந்திருந்தார். அண்ணையின் பழைய படையிலிருந்து வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரத் தொண்டர்களும் நெகிழ்ந்துபோனார்கள். அவர்கள் பிரெஞ்சில் சொன்னதை அண்ணை பெருமையோடு மொழிபெயர்த்தார். "தங்கடை ஊரிலை பத்துப் பேரும் வாறேல்லையாம். இஞ்சை எல்லாரும் அவசரப் பையோடை வந்திருக்கிறியளாம்!"

மூன்று நாளைக்குத் தண்ணீர், தகரச் சாப்பாடு, மருந்து, குளிருடுப்பு என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். பார்பெக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்றும் சொன்னார்களாம். என் காதில் எதுவும் விழவில்லை. நான் பாண் வண்டி வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எங்கள் தெரு மலர் அக்கா எழும்பினா. "அண்ணை, வெள்ளைப் பாணோ, ரோஸ் பாணோ? கெதியாத் தாங்கோ, பஸ் போயிடும்."

"என்ன பாண்? பிரெஞ்சிலை பான் எண்டா கரண்ட் நிண்டுபோறது!"

ஒருவர் கடைக் கண்ணாடியிலிருந்து அறிவித்தலையே கழற்றி வந்து காட்டினார். அண்ணை அந்த மூன்றாவது சுழியை உற்றுப் பார்த்தார். "ஆர் இதைத் திருத்தினது?"

நான் சட்டென்று குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினேன்.

அவர் திட்டவில்லை. விறுவிறென்று தெருமுனைக் கடைக்குப் போய் அங்கிருந்த பாண் முழுவதையும் வாங்கிவந்தார். "வெறும் பையோடை ஒருத்தரும் போகக்கூடாது."

தையில் உறைமழை கொட்டி மரக்கிளைகளும் கம்பிகளும் முறிந்து விழுந்தன. கரண்ட் போனது; அதோடு வீட்டுச் சூடும் போனது. இரண்டாம் நாள் காலை என் மூன்று மாத மகளின் கைகள் சில்லிட்டிருந்தன. நான் பல்கனியில் இருந்த பார்பெக்யூ அடுப்பைக் குசினிக்குள் இழுத்து வந்து, கரி மூட்டி, யன்னல்களை இறுகச் சாத்தினேன்.

"என்னப்பா, தலை சுத்துது" என்றாள் மனைவி.

"பசியாயிருக்கும்" என்றேன், மேதாவி.

கதவு இடிபட்டது. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த பொம்பியே அண்ணை, தலைக்கவசமெல்லாம் ஐஸோடு நின்றார். "அட விசரா! வெளியிலை வா!" பிள்ளையைத் தூக்கித் தன் ஜக்கெட்டுக்குள் வைத்தார். எங்கள் இருவரையும் படியால் தள்ளாத குறையாக இறக்கினார். ஆம்புலன்ஸ்காரர்கள் மூவரையும் சோதித்துவிட்டு, கரி அடுப்பின் நச்சுவாயு என்றும் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நித்திரையிலேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார்கள். நான் நடுத்தெருவில் நின்று குழறி அழுதேன்.

சேர்ச்சுக்கு வெளியே ஜெனரேற்றர் ஓட, நிலவறையில் சூடு இருந்தது. அண்ணை எனக்கு ஒரு துண்டுப் பாண் நீட்டினார்.

"அண்ணை, அண்டைக்கு அதைத் திருத்தினது நான்தான்."

"தெரியும் வாத்தியார். குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டினனீர். உம்மடை பூட்ஸ் ஸிப் வச்சது, கயிறே இல்லையெல்லோ? சாப்பிடும்."

அண்ணை மகனோடு மேற்கே போய் வருடங்கள் ஆகிவிட்டன. கரண்ட் போனால் என் மகள் இப்போதும் "பப்பா, பான்!" என்று கத்துவாள். நான் அவளைத் திருத்துவதில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அண்ணை வந்து தட்டுவாரோ என்று கதவடியில் கொஞ்ச நேரம் நிற்பேன்.