நிற்காத வாட்ச்

வாட்ச் நாலே காலுக்கு நின்றிருந்தது. எந்த நாளின் நாலே கால் என்பதுதான் உமாபதிக்குத் தெரியவில்லை. ஆணியில் மாட்டி எப்படியும் நாலு மாதம் இருக்கும்.

"அப்பாவும் அம்மாவும் கிளம்பிட்டாங்களாம். சாயங்காலம் வந்துடுவாங்க," என்றாள் கலாவதி.

"வரட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

தன்னால் முடியாத காரியம் ஒன்று உண்டு என்று உமாபதி இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

மாமனார் ராமராஜன் மாகறலில் பெயர் எடுத்த நெசவாளி. போன தீபாவளிக்கு இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஸ்டீல் செயின் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். பேட்டரி கிடையாது. கை ஆட ஆட அதுவாக ஓடும். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "நெசவுக்காரன் கைல இது எப்படி இருக்குதுன்னு ஒருநாள் வந்து பாப்பேன். பாத்துட்டுத்தான் அம்மன் புடவை யாருக்குன்னு சொல்வேன்."

பங்குனித் திருக்கல்யாணத்துக்கு அம்மனுக்குச் சாத்தும் புடவையை நாற்பது வருஷமாக அவர்தான் நெய்தார். இப்போது கண் மங்கிவிட்டது. அந்தப் புடவை தன் தறியில் ஏற வேண்டும் என்பது உமாபதியின் பத்து வருஷத்து ஆசை.

"நின்ன வாட்ச்சைப் பாத்தா இன்னா நெனைப்பாரு? மாப்ள கையே ஆடலேன்னுதான். புடவை உங்க சகலை தினகரனுக்குப் போயிடும்."

"தறியில ஒரு மணி நேரம் உக்காந்தா அது தானா ஓடுது."

கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் செயின் பட்டுப் பாவு நூலில் மாட்டி எட்டு இழை அறுந்தது. முடிச்சுப் போடவே அரை மணி போயிற்று.

"இதுக்குத்தானே கழட்டி ஆணில மாட்டுனீங்க?" என்றாள் கலாவதி.

"கைல இருந்தாத்தானே மாட்டும்?" என்று, இழையை நெருக்கி அடிக்கும் பலகையிலேயே வாட்ச்சைக் கட்டினான். நூறு அடி அடித்தான். வாட்ச் ஓடியது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம், பத்து நிமிஷத்தில் அரை மணியைத் தாண்டிவிட்டது.

"நீ கட்டிக்கோமா. உன் கை சும்மாவா இருக்குது?"

அவள் கட்டிக்கொண்டு ஒரு பக்கெட் துணி துவைத்தாள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து முள்ளே தெரியவில்லை. நனைந்த போனை அரிசியில் போடுவார்களே என்று உமாபதி அதை அரிசி டப்பாவில் புதைத்தான். எடுத்தபோது சாவி கொடுக்கும் திருகைச் சுற்றித் தவிடு அப்பியிருந்தது. வாட்ச்சும் நின்றிருந்தது.

கடைசியில் வாட்ச் ரிப்பேர் கியாசுதீன் பாயிடம் ஓடினான். அவர் மூடியைத் திறந்து, லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாப்பா, இத கைல கட்டினியா, இல்ல இதால ஆணி அடிச்சியா?"

"சாயங்காலத்துக்குள்ள ஓடணும் பாய். மானப் பிரச்சனை."

இரண்டு மணி நேரம் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விட்டுக் கையில் கொடுத்தார். "அடி ஆவாது, தண்ணி ஆவாது, போன் மேல வெக்காத. கட்டாத நாள்ல காலைல இந்தத் திருகுல இருபது சுத்து சாவி குடு. அது பாட்டுக்கு ஓடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மாமனார் வந்ததும் காபியைக்கூடத் தொடவில்லை. உமாபதியின் கையைப் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டார். வாட்ச் டிக்டிக்கென்று ஓடியது.

"நிக்கவே இல்லியா மாப்ள?"

"ஒருநாளும் இல்ல மாமா. நம்ம கைல எது நிக்கும்?"

"கழட்டவும் இல்லியா?"

"குளிக்கும்போது மட்டுந்தான். தறியில இருக்கும்போதுகூடக் கைலதான்."

ராமராஜன் கையை விட்டுவிட்டு, கால் கழுவப் பின்பக்கம் போனார். உமாபதி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். புடவை கிடைத்துவிட்டது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மாமியார் காந்தா மகளை ஓரமாக இழுத்தாள்.

"இன்னாடி உங்க வீட்டுக்காரரு இப்படிச் சொல்லிட்டாரு? தறியில உக்காரும்போதெல்லாம் கழட்டி வெச்சு வெச்சு தினகரன் மாப்ள வாட்ச் நின்னு நாலு மாசம் ஆவுது, 'இவன்தான் பட்டோட அருமை தெரிஞ்சவன்'னு உங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம்."